முடியாது என்று வாய்விட்டுச் சொல்லாத ஃபைல் சிஸ்டங்கள்

லினக்ஸ் லேப்டாப்பில், ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்களையும் அவற்றின் விவரங்களையும் எழுதிவைக்கும் முறை) உள்ள ஒரு பென்டிரைவைச் செருகி, வேறு கணினிக்குள் பத்திரமாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் நிரலின் சாவி ஃபைலை அதில் போட்டு, உரிமையாளர் மட்டுமே படிக்கலாம், எழுதலாம் என்று அனுமதியை மாற்றும் 'சிஎச்மாட் 600' கொடுத்துப் பாருங்கள். எரர் எதுவும் வராது, வேலை முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். அடுத்து அந்தச் சாவியை வைத்து சர்வருக்குள் நுழையப் போனால், 'இந்த ஃபைலின் அனுமதிகள் ரொம்பத் திறந்து கிடக்கின்றன, இதைப் பயன்படுத்த மாட்டேன்' என்று எஸ்எஸ்எச் மறுத்துவிடும். இப்போது அதே ஃபைலை வேறொரு யூசர் பெயருக்கு மாற்ற, சுடோ போட்டு, எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டாகவே, உரிமையாளரை மாற்றும் 'சிஎச்ஓன்' கொடுங்கள். இந்த முறை 'ஆப்பரேஷன் நாட் பெர்மிட்டட்' என்று முகத்தில் அடித்த மாதிரி பதில் வரும்.

டிஸ்க் ஒன்றுதான். அதனால் செய்யவே முடியாத இரண்டு வேலைகளைக் கேட்டோம். ஒன்றுக்குச் சத்தமில்லாமல் 'ஆச்சு' என்றது, இன்னொன்றுக்கு 'ஆகாது' என்றது. பேக்கப் எடுக்கும்போது வரும் புரியாத எரர்கள், வேறு டிஸ்க்கில் வைத்ததும் படுத்துவிடும் மென்பொருள், காப்பி ஆகியும் காலியாகக் கிடக்கும் ஃபைல் என்று பல தலைவலிகள் இந்த வித்தியாசத்திலிருந்துதான் வருகின்றன. 'முடியாது' என்ற பதிலால் பெரிய ஆபத்து கிடையாது. முடியாததற்கு 'முடிந்தது' என்று வரும் பதில்தான் ஆளைக் கவிழ்க்கும்.

யார் யாரிடம் கேட்கிறார்கள்

ஒரு நிரல் நேரடியாக டிஸ்க்கைத் தொடுவதில்லை. இந்த ஃபைலைத் திற, எழுது, பெயரை மாற்று என்று கர்னலிடம், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியிடம், கேட்கிறது, அந்தக் கோரிக்கைதான் சிஸ்டம் கால். கர்னலுக்குள் அதை முதலில் வாங்கிக்கொள்ளும் அடுக்குக்கு விஎஃப்எஸ் என்று பெயர், விரித்தால் வெர்ச்சுவல் ஃபைல் சிஸ்டம். 1980-களின் நடுவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ், தன் யூனிக்ஸில் உள்ளே இருக்கும் டிஸ்க்கும் என்எஃப்எஸ் வழியாக நெட்வொர்க்கில் வரும் டிஸ்க்கும் நிரலுக்கு ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று இப்படியொரு அடுக்கைப் போட்டது. பிறகு வந்த யூனிக்ஸ் வகைகளும் லினக்ஸும் அதே பாதையில் போயின.

விஎஃப்எஸ்ஸுக்குக் கீழே ஒவ்வொரு ஃபைல் சிஸ்டத்துக்கும் ஒரு டிரைவர் உண்டு. இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ், ஃபேட், எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ், என்எஃப்எஸ் என்று பட்டியல் நீளும். ஒவ்வொரு டிரைவரும் கர்னலிடம் ஒரு அட்டவணையைக் கொடுக்கிறது: எழுதச் சொன்னால் இந்த ஃபங்ஷன், சிம்லிங்க் (வேறொரு ஃபைலின் பாதையைக் காட்டும் குறுக்குவழி) உண்டாக்கச் சொன்னால் இந்த ஃபங்ஷன் என்று. தனக்குத் தெரியாத வேலைக்கான கட்டத்தைக் காலியாக விட்டுவிடும். நம் கதை முழுக்க அந்தக் காலிக் கட்டங்களைப் பற்றியதுதான்.

ஏன் காலியாக விட வேண்டும், எழுதி நிரப்பிவிடலாமே என்றால், பல நேரம் அது மென்பொருள் எழுதுபவரின் சோம்பேறித்தனம் இல்லை, டிஸ்க்கில் இடமே கிடையாது. ஃபேட் 1970-களின் கடைசியில் பிறந்தது, ஒரு கணினிக்கு ஒரு ஆள் என்ற காலம். அதில் ஒரு ஃபைலைப் பற்றிய குறிப்பு மொத்தமே 32 பைட். பெயருக்கு 11 பைட், படிக்க மட்டும், மறைந்தது போன்ற கொடிகளுக்கு 1 பைட், அப்புறம் தேதி, நேரம், முதல் துண்டு எங்கே இருக்கிறது, அளவு எவ்வளவு, அவ்வளவுதான். (நீளப் பெயர்களை விண்டோஸ் 95 காலத்தில், கூடுதல் குறிப்புகளைப் பக்கத்தில் ஒட்டி ஒப்பேற்றினார்கள்.) இதிலிருந்து என்னென்ன இல்லாமல் போகிறது என்று பாருங்கள்:

1. உரிமையாளர் யார், குழு எது, யாருக்கு என்ன அனுமதி என்று எழுத ஒரு பிட்கூட இல்லை. லினக்ஸில் நமக்குத் தெரியும் உரிமையாளரும் அனுமதியும் மவுன்ட் செய்யும்போது, அதாவது டிரைவைக் கணினியோடு இணைக்கும்போது, மொத்த டிரைவுக்கும் சேர்த்துக் கற்பனையாகப் போட்டது.

2. அளவுக்கு 32 பிட்தான். அதனால் ஒரு ஃபைல் 4,294,967,295 பைட்டைத் தாண்ட முடியாது. 64 ஜிபி டிரைவ் காலியாக இருந்தும் 5 ஜிபி சினிமா ஏறாமல் போவது இதனால்தான்.

3. ஒரு ஃபைலுக்கு இரண்டு பெயர் வைக்கும் ஹார்டு லிங்க் நடக்காது. இஎக்ஸ்டி4-இல் பெயர் தனி, ஃபைலின் விவரம் வைக்கும் ஐநோடு தனி. ஃபேட்டில் பெயர் இருக்கும் குறிப்பே விவரமும்கூட. சிம்லிங்க்குக்கும் இடம் இல்லை.

4. மாற்றிய நேரத்தில் விநாடிக்கு 5 பிட். அதில் 0 முதல் 31 வரைதான் எழுதலாம் என்பதால் விநாடியை இரண்டால் வகுத்து வைக்கிறது. அதாவது 2 விநாடிக்கு ஒரு படி.

2006-இல் வந்த எக்ஸ்ஃபேட் 4 ஜிபி வரம்பை உடைத்தது, நேரத்தையும் நுணுக்கமாக்கியது. ஆனால் யூனிக்ஸ் பாணி உரிமையாளர், அனுமதி, லிங்க்குகள் அதிலும் கிடையாது. புதிய டிரைவ் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காலிக் கட்டத்துக்கு என்ன பதில் வரும்?

எல்லாக் காலிக் கட்டங்களுக்கும் ஒரே மாதிரி 'இந்த வேலை இங்கே இல்லை' என்று ஒரு எண் வந்தால் நிரல் எழுதுபவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். நடப்பது வேறு. லினக்ஸ் கர்னலில் கட்டம் காலியாக இருந்தால் வரும் பதில்கள் இவை:

1. ஹார்டு லிங்க், சிம்லிங்க், பெயர் மாற்றம்: ஈபெர்ம், எண் 1. திரையில் 'ஆப்பரேஷன் நாட் பெர்மிட்டட்'.

2. ஃபைலுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கும் ஃபாலொகேட், கூடுதல் குறிப்புகளான எக்ஸ்ஆட்டர்: ஈஆப்நாட்சப், எண் 95. 'ஆப்பரேஷன் நாட் சப்போர்ட்டட்'.

3. எழுதியதை டிஸ்க்கில் உறுதி செய்யச் சொல்லும் எஃப்சிங்க்: ஈஇன்வால், எண் 22. 'இன்வாலிட் ஆர்க்யுமென்ட்'.

4. ஐஆக்டில் எனும் சில்லறைக் கட்டளைகள்: ஈநாட்டிடிஒய், எண் 25.

5. ஃபைலை மெமரியின் ஒரு பகுதி போலக் காட்டும் எம்மேப்: ஈநோடெவ், எண் 19.

6. புதிய ஃபைல் உருவாக்குதல்: ஈஆக்சஸ், எண் 13, 'பெர்மிஷன் டினைட்'. இந்த இடத்தில் கர்னல் மூல நிரலிலேயே ஒரு குறிப்பு உண்டு, இது ஈநோசிஸ் ஆக இருக்க வேண்டாமா என்று கேட்டபடி. கேள்வி அப்படியே நிற்கிறது.

இது தவிர ஈநோசிஸ், எண் 38, என்று ஒன்று இருக்கிறது. இந்தக் கர்னலில் அந்த சிஸ்டம் காலே இல்லை என்று அர்த்தம். 38-க்கும் 95-க்கும் உள்ள வித்தியாசம் முக்கியமானது. 38 வந்தால் இந்தக் கணினியில் எந்த டிஸ்க்கிலும் நடக்காது. 95 வந்தால் இந்த ஃபைல் சிஸ்டத்தில்தான் நடக்காது, பக்கத்து டிஸ்க்கில் நடக்கலாம்.

இவற்றில் ஆளை அதிகம் குழப்புவது ஈபெர்ம். உண்மையான அனுமதிப் பிரச்சினைக்கும் அதே எண்தான், வசதி இல்லை என்பதற்கும் அதே எண்தான். அதைப் பார்த்ததும் கை தானாக சுடோவைத் தேடுகிறது. ஃபேட்டில் உரிமையாளரை மாற்ற ரூட்டாலும் முடியாது, எழுதி வைக்க இடம் இருந்தால்தானே. சுடோ போட்டும் ஈபெர்ம் வருகிறது என்றால், அனுமதியை நோண்டுவதை நிறுத்திவிட்டு, அந்த இடம் என்ன ஃபைல் சிஸ்டம் என்று 'டிஎஃப் -டி' போட்டுப் பார்ப்பதுதான் சரியான அடுத்த அடி.

மூன்று விதமான நடத்தை

எரர் எண்களை விட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால், முடியாத வேலையைக் கேட்டதும் மூன்றில் ஒன்றுதான் நடக்கிறது.

1. மறுப்பது. மேலே எரர் எண்ணோடு பார்த்தவை எல்லாம் இந்த வகை.

2. வேறு வழியில் செய்துகொடுப்பது. 'எம்வி' கட்டளை நல்ல உதாரணம். ஒரே டிஸ்க்குக்குள் ஃபைலை நகர்த்துவது வெறும் பெயர் மாற்றம், கண் இமைக்கும் நேரம். டிஸ்க் மாறினால் கர்னல் ஈஎக்ஸ்டெவ், எண் 18, என்று மறுக்கும். உடனே எம்வி ஃபைலை அங்கே காப்பி எடுத்து, இங்கே அழித்துவிடும். பயனருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் வித்தியாசம் இருக்கிறது: பெயர் மாற்றம் ஒரே அடியில் நடப்பது, நடந்தது அல்லது நடக்கவில்லை. காப்பி எடுக்கும்போது பாதியில் கரண்ட் போனால் அங்கே அரைகுறை ஃபைல் கிடக்கும்.

மேக்கிலிருந்து பென்டிரைவில் காப்பி செய்து டிவியில் செருகினால், ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் போட்ட ஒரு குட்டி ஃபைல் தெரியுமே, அதுவும் இந்த வகைதான். எக்ஸ்ஆட்டர் போன்ற கூடுதல் விவரங்களை ஃபேட்டில் வைக்க முடியாததால், மேக்ஓஎஸ் அவற்றைத் தனி ஃபைலாக எழுதிவைக்கிறது. குப்பை என்று எல்லோரும் திட்டுகிறார்கள். தகவலைத் தொலைக்காமல், கண்ணுக்குத் தெரியும்படி செய்திருக்கிறது என்ற அளவில் எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு.

3. தலையாட்டிவிட்டு சும்மா இருப்பது. மனுவை வாங்கி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு அப்படியே அலமாரியில் போடும் அலுவலகம் மாதிரி. முதலில் பார்த்த சிஎச்மாட் இதுதான். லினக்ஸின் ஃபேட் டிரைவரில், படிக்க மட்டும் என்ற கொடியைப் போட அல்லது எடுக்க மட்டுமே சிஎச்மாட் உண்மையில் உதவும். மற்ற மாற்றம் எதைக் கேட்டாலும் அந்தப் பகுதியைக் கழற்றி வீசிவிட்டு 'வெற்றி' என்று திருப்பி அனுப்புகிறது. இங்கே ஈபெர்ம் தருவதில்லை, விசித்திரம்தான், ஆனால் இது ரொம்பப் பழைய நடத்தை என்று அந்த நிரலிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஏதோ ஒரு பழைய மென்பொருள் உடைந்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். விளைவு, 600 போட்டேன், பத்திரமாக இருக்கிறது என்று ஒருவர் நம்பிக்கொண்டிருப்பார்.

இதைவிட மோசமான தலையாட்டல்களும் உண்டு. ஃபியூஸ் என்பது ஃபைல் சிஸ்டத்தைக் கர்னலுக்கு வெளியே சாதாரண நிரலாக எழுத உதவும் ஏற்பாடு. கிளவுட் டிரைவுகளையும் வேறு கணினியின் ஃபோல்டர்களையும் மவுன்ட் செய்து காட்டும் பல மென்பொருள்கள் இதன் மேல்தான் ஓடுகின்றன. அப்படிப்பட்ட ஒரு நிரல் எஃப்சிங்க்குக்கு 'எனக்குத் தெரியாது' என்று ஈநோசிஸ் கொடுத்தால், கர்னல் அதை வெற்றி என்று எடுத்துக்கொள்கிறது. அதோடு நில்லாமல் அடுத்தடுத்த எஃப்சிங்க் கோரிக்கைகளைக் கீழே அனுப்பாமலே 'ஆச்சு' என்று சொல்லிவிடும். இது பிழையில்லை, ஆவணத்தில் எழுதியே வைத்திருக்கும் நடத்தை. டேட்டாபேஸ் ஒன்று எஃப்சிங்க் வெற்றி என்றதும் பணப் பரிமாற்றம் பதிவாகிவிட்டது என்று வாடிக்கையாளருக்குச் சொல்லிவிடும். கீழே எதுவும் உறுதியாகியிருக்காது.

ஐநோட்டிஃபையும் இப்படித்தான், ஃபைல் மாறினால் சொல்லு என்று கேட்டுவைக்கும் வசதி அது. என்எஃப்எஸ் ஃபோல்டரில் வைத்தால் எரர் வராது, ஒழுங்காகக் காத்திருக்கும். ஆனால் வேறு கணினியிலிருந்து அந்த ஃபைலை மாற்றினால் தகவல் வராது.

கிளிப்சி கொடுக்கும் போலி

இரண்டாம் வகை எப்போதும் நல்லது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மாற்று வழி அசல் வேலையின் வாக்குறுதியைக் காப்பாற்றுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஃபாலொகேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 10 ஜிபி ஃபைல் வரப்போகிறது, இடத்தை இப்போதே பிடித்துவை, பாதியில் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று சொல்லாதே என்பதுதான் கோரிக்கை. ஃபைல் சிஸ்டம் மறுத்தால், போசிக்ஸ் ஃபாலொகேட் என்ற ஃபங்ஷன் வழியாகக் கேட்டவர்களுக்கு, பெரும்பாலான லினக்ஸ் நிரல்கள் நம்பியிருக்கும் கிளிப்சி என்ற சி மொழி நூலகம் தானே ஒரு போலி செய்து கொடுக்கிறது: ஒவ்வொரு பிளாக்கிலும் ஒரு பைட் எழுதிக்கொண்டே போகும். நேரம் பிடிக்கும், அது போகட்டும். அதே சமயத்தில் வேறொரு நிரல் அந்த ஃபைலில் எழுதினால், எழுதியதன் மேல் சுழியம் விழுந்துவிட வாய்ப்பு இருக்கிறது, கையேட்டிலேயே எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். இன்னொரு பிரபலமான நூலகமான மஸல், போலி எதுவும் செய்யாமல் எரரை அப்படியே கொடுத்துவிடுகிறது. எனக்கு மஸலின் வழிதான் சரி என்று படுகிறது.

இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் இந்தப் போலி இன்னும் வேடிக்கை. அது எழுதும் ஒவ்வொரு முறையும் பழைய பிளாக்கை விட்டுவிட்டுப் புதிய இடத்தில் எழுதும் வகை. முன்கூட்டியே சுழியங்களை எழுதி இடம் பிடித்து என்ன பயன், உண்மையான தரவு வரும்போது வேறு இடம்தானே தேடப்போகிறது. அதன் திறந்த மூல வடிவமான ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.0-இல் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள்: கோரிக்கை வந்ததும் போதுமான இடம் காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு 'சரி' என்பது. உத்தரவாதம் கிடையாது, ஆனால் வீண் எழுத்தும் கிடையாது.

காப்பி ஆனது, ஆனால் காலி

மூன்று நடத்தைகளும் ஒன்றோடொன்று மோதிய கதை ஒன்று உண்டு. இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

2016-இல் லினக்ஸ் 4.5-இல் காப்பி ஃபைல் ரேஞ்ச் என்று ஒரு சிஸ்டம் கால் வந்தது. ஃபைலைப் படித்து நிரலுக்குள் கொண்டுவந்து மறுபடி கர்னலுக்கே அனுப்புவது வீண் வேலை, காப்பியைக் கர்னலே பார்த்துக்கொள்ளட்டும் என்பது யோசனை. பிடிஆர்எஃப்எஸ் போன்றவை தரவைத் தொடாமலே இரண்டு ஃபைலும் ஒரே பிளாக்குகளைப் பகிர்ந்துகொள்ளும்படி செய்யலாம். என்எஃப்எஸ் என்றால் தரவு நெட்வொர்க்கில் போய்வராமல் சர்வரிலேயே காப்பி ஆகிவிடும்.

ஆரம்பத்தில் இரண்டு ஃபைலும் ஒரே ஃபைல் சிஸ்டத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஈஎக்ஸ்டெவ். தெளிவான மறுப்பு. நிரல்கள் அதைப் பார்த்துப் பழைய முறையில் படித்து எழுதிக்கொண்டன. 2019-இல் 5.3 வந்தபோது, எதற்கு மறுக்க வேண்டும், ஃபைல் சிஸ்டத்துக்குத் தெரியாவிட்டால் கர்னலே பொதுவான ஒரு வழியில் காப்பி செய்துகொடுக்கட்டும் என்று வாசலைத் திறந்துவிட்டார்கள். முதல் வகையை இரண்டாம் வகையாக மாற்றினார்கள் என்று சொல்லலாம்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், ப்ராக் போன்ற மாய ஃபைல் சிஸ்டங்களில். அங்கே இருக்கும் சிபியு விவர ஃபைல் டிஸ்க்கில் எங்குமே இல்லை, யாராவது படிக்கும்போது கர்னல் அந்த நொடியில் தயாரித்துக் கொடுப்பது. அளவு கேட்டால் 0 என்று சொல்லும். பொதுவான காப்பி வழி இதைச் சமாளிக்கவில்லை. 0 பைட் காப்பி செய்துவிட்டு, எரர் இல்லாமல், ஃபைல் முடிந்துவிட்டது என்று திரும்பியது. 2020-இல் கோ மொழியின் 1.15 பதிப்பு, சாதாரணமாக ஃபைலிலிருந்து ஃபைலுக்குக் காப்பி செய்யும்போதே உள்ளுக்குள் இந்த சிஸ்டம் காலைப் பயன்படுத்தத் தொடங்கியதும் பிரச்சினை வெளியே வந்தது, ஏனென்றால் இப்போது யாரும் கேட்காமலே எல்லோரும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

2022-இல் 5.19-இல் வாசலை மறுபடி சாத்தினார்கள். இரண்டு பக்கமும் ஒரே வகை ஃபைல் சிஸ்டம், அதுவும் இந்த வேலையைத் தானே செய்யத் தெரிந்தது என்றால் மட்டும்தான் டிஸ்க் தாண்டிய காப்பி. மற்றபடி பழையபடி மறுப்பு. 5.3 முதல் 5.18 வரை சில மாய ஃபைல் சிஸ்டங்களில் காப்பி நடக்காமலே வெற்றி என்று சொன்னது என்று கையேட்டில் பிழையாகப் பதிவாகியிருக்கிறது.

குனூ கட்டளைகளின் 'சிபி' இதை எப்படிச் சமாளிக்கிறது என்பதும் பார்க்க வேண்டியது. முதல் அழைப்பிலேயே 0 பைட் என்று பதில் வந்தால் அதை நம்புவதில்லை. சாதாரணமாகப் படித்துப் பார்த்து, உண்மையிலேயே காலிதானா என்று உறுதி செய்துகொள்கிறது. ஒரு பொய்ப் பதிலுக்காக உலகத்தில் உள்ள காப்பி நிரல்கள் எல்லாம் சந்தேகத்தோடு எழுதப்பட வேண்டியிருக்கிறது.

முதலிலேயே யோசித்து வைத்தவை

எல்லாமே இப்படிச் சொதப்பலாக நடந்துவிடவில்லை. 2013-இல் வந்த ஓ-டெம்ப்ஃபைல் என்ற கொடி பெயரில்லாத தற்காலிக ஃபைலைத் திறக்க உதவும். பழைய கர்னல்களுக்கு ஒரு கெட்ட பழக்கம், தெரியாத கொடி வந்தால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், அதாவது மூன்றாம் வகை. அதனால் இதை வடிவமைத்தவர்கள் அந்தக் கொடிக்குள்ளேயே 'இது ஃபோல்டராக இருக்க வேண்டும்' என்ற பழைய கொடியையும் சேர்த்துவிட்டார்கள். பழைய கர்னலுக்குப் போனால், ஃபோல்டரை எழுதத் திறக்கப் பார்க்கிறான் என்று நினைத்து ஈஇஸ்டிர், எண் 21, என்று மறுத்துவிடும். புதிய கர்னல், ஆனால் ஃபைல் சிஸ்டத்துக்குத் தெரியாது என்றால் 95. எந்த வழியில் போனாலும் தலையாட்டல் கிடையாது.

ஃபைலில் எங்கே ஓட்டை (எதுவும் எழுதப்படாமல் சுழியமாகவே படிக்கப்படும் பகுதி), எங்கே தரவு என்று கேட்கும் சீக்-ஹோல், சீக்-டேட்டா இன்னும் அழகு. ஓட்டைகளைப் பற்றித் தெரியாத ஃபைல் சிஸ்டம், முழு ஃபைலும் தரவு, கடைசியில் மட்டும் ஒரு ஓட்டை என்று சொல்லலாம் என்று விதியிலேயே இருக்கிறது. தெரியாதவன் சொல்லும் பதிலும் சரியான பதிலாகவே இருக்கிறது, அதை நம்பிக் காப்பி எடுத்தால் கொஞ்சம் மெதுவாக இருக்கும், தரவு போகாது. போவது எப்போது என்றால், தெரிந்த ஃபைல் சிஸ்டம் தவறாகச் சொல்லும்போது. 2023 நவம்பரில் ஓப்பன்இசட்எஃப்எஸ்ஸில் வெளிவந்த பிழை அதுதான்: அப்போதுதான் எழுதப்பட்ட பகுதியை ஓட்டை என்று சொல்லிவிட, காப்பியில் அந்த இடம் சுழியங்களாக நின்றது. புதிதாக வந்த பிளாக் குளோனிங் வசதியை முதலில் சந்தேகித்து 2.2.1-இல் அணைத்தார்கள், பார்த்தால் பிழை அதைவிடப் பழையது. 2.2.2-இலும் 2.1.14-இலும் சரிசெய்தார்கள்.

நிரல் எழுதுபவர் என்ன செய்ய வேண்டும்

1. ஃபைல் சிஸ்டத்தின் பெயரைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். 'இஎக்ஸ்டி4 என்றால் இது நடக்கும், ஃபேட் என்றால் நடக்காது' என்று பட்டியல் போட்டால், நடுவில், ஃபோல்டர்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி ஒன்றாகக் காட்டும் ஓவர்லேஎஃப்எஸ்ஸோ ஃபியூஸோ வந்ததும் பட்டியல் செத்துவிடும். டாக்கர் கன்டெய்னருக்குள் ஒரே மவுன்ட்டில் இருக்கும் ஃபோல்டரின் பெயரை மாற்றினாலே ஈஎக்ஸ்டெவ் வரலாம், அந்த ஃபோல்டர் கீழ் அடுக்கிலிருந்து வந்திருந்தால். பிடிஆர்எஃப்எஸ்ஸில் இரண்டு சப்வால்யூம்களுக்கு (ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் தனித்தனிப் பிரிவுகள்) நடுவிலும் அதேதான்.

2. செய்து பாருங்கள், செய்தபின் பாருங்கள். நிரல்களின் பதிப்புகளைக் கண்காணிக்கும் கிட் இதில் கில்லாடி. 'கிட் இனிட்' கொடுத்ததும் ஒரு ஃபைலின் இயக்க அனுமதியை மாற்றிவிட்டு, சிஎச்மாட் சொன்ன பதிலை மட்டும் நம்பாமல், மறுபடி படித்து உண்மையிலேயே மாறியதா என்று பார்க்கிறது. ஒரு சிம்லிங்க்கை உண்டாக்கி அது சிம்லிங்க்காகவே நிற்கிறதா என்று பார்க்கிறது. கான்ஃபிக் ஃபைலின் பெயரைப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்துமாகக் கலந்து போட்டுத் தேடி, கிடைத்தால் இந்த டிஸ்க்குக்கு எழுத்து வித்தியாசம் தெரியாது என்று குறித்துக்கொள்கிறது. தலையாட்டும் ஃபைல் சிஸ்டத்தைக் கண்டுபிடிக்க இதைத் தவிர வேறு வழி இல்லை.

3. மாற்று வழிக்குப் போவதற்கான எரர்களைச் சின்னப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள்: ஈநோசிஸ், ஈஆப்நாட்சப், ஈஎக்ஸ்டெவ், ஐஆக்டில் என்றால் ஈநாட்டிடிஒய், சில அழைப்புகளுக்கு ஈஇன்வால். டிஸ்க் நிரம்பியது, படிக்கும்போது வன்பொருள் பிழை என்றால் மாற்று வழி தேடக் கூடாது, நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும். 'எந்த எரர் வந்தாலும் பழைய முறையில் செய்' என்று எழுதிய நிரல், சாகக் கிடக்கும் டிஸ்க்கின் எச்சரிக்கையை விழுங்கிவிடும்.

ஈஇன்வாலில் கவனம் வேண்டும். பெயர் மாற்றும் சிஸ்டம் காலான ரீநேம்அட்2-வில் இரண்டு ஃபைலை இடம் மாற்றும் கொடி ஃபைல் சிஸ்டத்துக்குத் தெரியாவிட்டாலும் 22, நீங்கள் கொடிகளைத் தப்பாகக் கலந்திருந்தாலும் 22. உங்கள் சொந்தப் பிழையை 'வசதி இல்லை போல' என்று நினைத்துக் கடந்துவிடலாம்.

4. தற்காலிக ஃபைலை எழுதி முடித்துப் பெயர் மாற்றும் முறையைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அந்தத் தற்காலிக ஃபைல் போய்ச்சேர வேண்டிய அதே ஃபோல்டரில் இருக்கட்டும். டெம்ப் ஃபோல்டரில் வைத்தால், பல கணினிகளில் அது மெமரியில் இருக்கும் தனி ஃபைல் சிஸ்டம், பெயர் மாற்றம் ஈஎக்ஸ்டெவ் ஆகும், நூலகம் சத்தமில்லாமல் காப்பிக்கு மாறும், நீங்கள் நம்பிய ஒரே அடி மாற்றம் போய்விடும்.

5. எதை விட்டீர்கள் என்று சொல்லுங்கள். ஃபைலுக்கு ஃபைல் ஒரு வரி எரர் அடித்து 40,000 வரி ஓடவிட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். 'இந்த டிஸ்க்கில் உரிமையாளர் விவரமும் சிம்லிங்க்கும் சேமிக்கப்படவில்லை, இத்தனை ஃபைல்கள்' என்று கடைசியில் ஒரே ஒரு வரி, கூடவே சுழியம் அல்லாத வெளியேறும் எண். ஃபைல்களை ஒத்துப்பார்த்துக் காப்பி எடுக்கும் ஆர்சிங்க் 23 என்ற எண்ணோடு முடிந்தால் சிலது போகவில்லை என்று அர்த்தம், பேக்கப் ஸ்கிரிப்டில் அதைச் சோதிப்பவர்கள் குறைவு.

பென்டிரைவில் பேக்கப் எடுப்பவர்களுக்கு

போட்டோ, பாட்டு, பிடிஎஃப் என்றால் எக்ஸ்ஃபேட்டே போதும், அனுமதிகள் போனால் போகட்டும். ஃபேட்டுக்கு ஆர்சிங்க் போடுபவர்கள் '--மாடிஃபை-விண்டோ=1' சேர்த்துக்கொள்ளுங்கள். ஆர்சிங்க் அளவையும் மாற்றிய நேரத்தையும் ஒப்பிட்டுத்தான் ஃபைல் மாறியதா என்று முடிவு செய்கிறது, ஃபேட்டோ ஒற்றைப்படை விநாடியை இரட்டைப்படையாகக் குறைத்துவிடுகிறது. அந்த ஃபைல்கள் எல்லாம் ஒவ்வொரு முறையும் மாறியதாகத் தெரிந்து மறுபடி மறுபடி காப்பி ஆகும்.

சாவி ஃபைலைப் பென்டிரைவிலேயே வைத்தாக வேண்டும் என்றால் சிஎச்மாட்டால் பயனில்லை, மவுன்ட் செய்யும்போது 'யுமாஸ்க்=077' கொடுக்க வேண்டும், உங்கள் யூசர் எண்ணையும் 'யுஐடி=' போட்டுச் சேர்த்து. ஆனால் அது அந்தக் கணினியில் மட்டும்தான். அடுத்த கணினியில் செருகினால் அங்கே மவுன்ட் செய்பவர் வைத்ததே அனுமதி.

ஹோம் ஃபோல்டரோ சர்வரின் வெப் ஃபோல்டரோ என்றால் ஃபைல் ஃபைலாகக் காப்பி செய்யாதீர்கள். டிரைவை இஎக்ஸ்டி4 ஆக்க முடிந்தால் ஆக்குங்கள். விண்டோஸிலும் செருக வேண்டியிருக்கிறது, ஆக்க முடியாது என்றால், டார் போட்டு ஒரே ஃபைலாக்கி அதை டிரைவில் வையுங்கள். உரிமையாளர், அனுமதி, சிம்லிங்க், ஹார்டு லிங்க் எல்லாம் டார் ஃபைலுக்குள் எழுத்தாக இருக்கும், அதைத் தாங்கும் ஃபைல் சிஸ்டத்துக்கு அது வெறும் பைட்டுகள். எக்ஸ்ஆட்டரும் வேண்டும் என்றால் குனூ டாரில் '--எக்ஸ்ஆட்டர்ஸ்' தனியாகக் கொடுக்க வேண்டும், தானாக எடுத்துக்கொள்ளாது. டிரைவ் ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேல் போகாமல் 'ஸ்பிளிட்' கட்டளையால் துண்டு போடுங்கள். திரும்பப் பிரிக்கும்போது ரூட்டாகப் பிரித்தால்தான் உரிமையாளர்கள் பழையபடி வருவார்கள், அதுவும் இஎக்ஸ்டி4 மாதிரியான இடத்தில். டார் ஃபைலை அந்தப் பென்டிரைவிலேயே பிரித்தால், சிம்லிங்க் ஒவ்வொன்றுக்கும் மறுபடி ஈபெர்ம்தான்.